வாட் கணக்கும் அப்பாவின் காதும்

"என்னல சொல்லுதான் அவன்?"

அப்பா ஊரிலிருந்து எங்கள் டோம்பிவ்லி வீட்டுக்கு வந்தால், ராத்திரி படம் ஓடும்போது ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை இந்தக் கேள்வி வரும். யாராவது ஒருத்தர் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் பத்து நிமிஷம் என் பெண் சொல்வாள், அப்புறம் தங்கமணி, அப்புறம் நான். நான் சொல்லி முடிப்பதற்குள் திரையில் அடுத்த வசனம் போய்விடும். அரை மணி நேரத்தில் அப்பா "கண்ணு எரியுது"ன்னு சொல்லிவிட்டு பால்கனி நாற்காலிக்குப் போய்விடுவார். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, ஆறு மாசம் முன்னாடிதான் புரை எடுத்தது.

போன தடவை ஒருநாள் சொன்னார்: "எங்க காலத்துல கல்யாண வீட்டுல குழாய் ரேடியோ கட்டி திருவிளையாடல் வசனம் போடுவான். வயக்காட்டுல நின்னா ஒரு எழுத்து விடாம கேக்கும். இவ்வளவு பெரிய டிவி வச்சிருக்க, எட்டடி தூரத்துல கேக்கலியே."

எனக்கு சுருக்கென்றது. 55 இஞ்ச் டிவி, தவணை இன்னும் முடியவில்லை. ஆனால் அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. அந்தக் குழாயில் தம் தம் என்ற அடிச் சத்தமும் வராது, ஜிங் ஜிங் என்ற மேல் சத்தமும் வராது. மனுஷப் பேச்சு இருக்கிற நடுப்பகுதி மட்டும்தான் வரும், அதைக் கூர்மையாக ஒரே திசையில் துப்பும். நம் புது டிவியோ விரல் கனத்துக்கு மெலிந்துவிட்டது. அதன் குட்டி ஸ்பீக்கர்கள் தரையைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோ பேசுகின்றன. அப்பாவைப் பார்த்துப் பேசவில்லை.

அதனால்தான் நான் ஒரு ஏவி ரிசீவரும் ஸ்பீக்கர்களும் வாங்கக் கிளம்பினேன். தேடிய மூன்று மாதத்தில் ஒன்று புரிந்தது. குறைந்த விலையில் ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்குகிற நாம் அநேகமாக எல்லோருமே வாட்டைப் பார்த்தும் சேனல் எண்ணிக்கையைப் பார்த்தும் வாங்குகிறோம். ரெண்டுமே வீண். பட்ஜெட் ரிசீவரை வாங்க வேண்டியது ஒரே ஒரு ஸ்பீக்கருக்காக. டிவிக்கு நேர் கீழே உட்காருமே, அந்த நடு ஸ்பீக்கர்.

ஏன் என்று சொல்கிறேன். 5.1 என்றால் முன்னால் இடது, வலது, நடு, பக்கவாட்டில் ரெண்டு, அப்புறம் அடிச் சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர். படத்தை மிக்ஸ் பண்ணும்போது வசனத்தில் பெரும்பகுதியை நடுச் சேனலில்தான் வைக்கிறார்கள். தியேட்டரில் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கர் இதற்குத்தான். வீட்டு டிவி என்ன செய்கிறது? ஆறையும் ரெண்டாக மடித்து, வசனம், வயலின், மழை, வெடி எல்லாவற்றையும் அதே குட்டி ஸ்பீக்கர் ரெண்டில் திணிக்கிறது. வசனம் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டினால் வெடியும் சேர்ந்து கூடும்.

வயதான காதுக்கு இன்னொரு சிக்கல். வயசானால் முதலில் போவது உயர் அதிர்வெண். ஆ, ஓ, ஈ மாதிரி உயிரொலிகள் கீழே இருப்பதால் நன்றாகக் கேட்கும். க, ச, ட, த, ப இவற்றின் வெட்டு மேலே இருப்பதால் மங்கிவிடும். நாம் 'காத்து', 'பாத்து', 'சாத்து' என்று மூன்று வார்த்தை சொன்னால் அப்பாவுக்கு மூன்றுமே 'ஆத்து'. அவருக்குச் சத்தம் கேட்கிறது, வார்த்தைதான் கேட்கவில்லை. டிவி ரிமோட்டில் சத்தத்தை 20லிருந்து 40க்கு ஏற்றினால் பெரிய 'ஆத்து' கேட்கும், அவ்வளவுதான். கூடவே கீழ்வீட்டு காக்குவின் போனும் வரும்.

ரிசீவரும் தனியாக ஒரு நடு ஸ்பீக்கரும் இருந்தால் அந்த ஒரு சேனலை மட்டும் 3, 4 டெசிபல் ஏற்றலாம். வெடியும் வயலினும் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த ஒரு வசதிக்காகத்தான் நான் காசு கொடுத்தேன்.

சரி, வாட்டுக்கு வருவோம். நம்மில் பலருக்கு பிஎம்பிஓ ஞாபகம் இருக்கும். 2007இல் ஒரு டிவிடி ஹோம் தியேட்டர் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. பெட்டியின் மேல் நாலு இலக்கத்தில் வாட் போட்டிருந்தது. அந்த வாட் நிஜமாக இருந்தால் வீட்டு மீட்டர் பறந்திருக்கும். மூன்று வருஷத்தில் டிவிடி தட்டு வெளியே வர மறுத்தது. தட்டு போனதால் ஆம்ப்ளிஃபயரும் போச்சு, ஏனென்றால் ரெண்டும் ஒரே டப்பா. ஸ்பீக்கர்களாவது மிஞ்சும் என்று பார்த்தால், அதன் பிளக் அவர்களே கண்டுபிடித்த வடிவம், வேறு எதிலும் சேராது. ஐந்து ஸ்பீக்கரும் பழைய பேப்பர்காரருக்குப் போனது. கிலோ கணக்கில்.

ரிசீவர் தயாரிக்கிற பெரிய கம்பெனிகள் அந்த அளவுக்குக் கதை விடுவதில்லை. ஆனால் பெட்டியில் பெரிதாகத் தெரிகிற எண் எது என்று பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு 2018இல் வந்த யமஹா ஆர்எக்ஸ்-வி385. ஒரே ஒரு சேனலை மட்டும், 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே சுருதியில் ஓட்டினால் 100 வாட். ரெண்டு சேனலை 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை சுத்தமாக ஓட்டினால் 70 வாட். ரெண்டுமே அவர்கள் வெளிப்படையாகப் போடுகிற எண்தான். ஆனால் 'ஐந்து சேனலும் ஒரே நேரத்தில் எவ்வளவு' என்று அடிமட்ட ரிசீவர் எதிலும் பெட்டிமேல் போடமாட்டார்கள். ஒரு குத்துமதிப்பு வேண்டுமானால் பின்பக்கத் தகட்டில் மின்சாரச் செலவு எவ்வளவு என்று பாருங்கள். இந்த ரகத்தில் 250, 300 வாட் என்றுதான் இருக்கும். அது உச்சக் கணக்கு இல்லை, சாதாரணமாக ஓடும்போது அளக்கிற கணக்கு. இருந்தாலும் கடைக்காரர் '5 பெருக்கல் 140' என்று சொல்லும்போது சிரிப்பை அடக்க அது போதும்.

அதைவிட முக்கியம், அந்த வாட் நமக்குத் தேவையே இல்லை. வாட்டை ரெண்டு மடங்கு ஆக்கினால் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு 'ரெண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்கு ஆக வேண்டும். ஆக 70 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் வித்தியாசம் ஒன்றரை டெசிபல். நம் பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் இது தெரியவே தெரியாது. ஸ்பீக்கரில் 'சென்சிடிவிட்டி' என்று ஒரு எண் இருக்கும். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் எத்தனை டெசிபல் என்பது அது. 86 போட்ட ஸ்பீக்கருக்குப் பதில் 90 போட்டதை வாங்கினால், ரிசீவர் வாட்டை ரெண்டரை மடங்கு ஆக்கிய மாதிரி. நம் வீட்டில் சாதாரணமாகப் படம் ஓடும்போது ஒரு ஸ்பீக்கருக்குப் போவது பெரும்பாலான நேரம் ஒரு வாட்டுக்குள்தான்.

அதனால் என் கணக்கு இது: கையில் இருக்கும் காசில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கு, அதிலும் நடு ஸ்பீக்கருக்குத் தாராளமாக. ரிசீவர், இருக்கிறதிலேயே சின்ன மாடல். ரிசீவரில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஏதாவது புதுசாக வரும், நல்ல ஸ்பீக்கர் அதைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்திருக்கும்.

ஆபீஸில் ஒரு நண்பர் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். ஆணி இல்லாத நேரமெல்லாம் அவருக்கு அட்மாஸ்தான். "கொஞ்சம் கூடப் போட்டு ஏழு சேனல் எடுங்க பாஸ், எதிர்காலத்துக்கு உதவும்" என்பார். 2012இல் முப்பரிமாணமாக மறுபடி வந்த சிவாஜியே அட்மாஸில் வந்துவிட்டது, நீங்க இன்னும் 5.1ல நிக்கிறீங்களே என்று கிண்டல் வேறு. தியேட்டரில் அட்மாஸ் அற்புதம்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு வாடகை வீடு. சீலிங்கில் ஸ்பீக்கர் மாட்ட ஓட்டை போட்டால் ஓனர் டெபாசிட்டில் கை வைப்பார். பதினோரு மாச அக்ரிமெண்ட்காரன் எதிர்காலத்தைப் பற்றி என்ன திட்டம் போடுவது? தவிர, குறைந்த விலை ஏழு சேனல் ரிசீவர்களில் அநேகமாக அதே அளவு டிரான்ஸ்ஃபார்மர்தான் ஏழுக்கும் பங்கு போடுகிறது. சொந்த வீடு, தனி அறை, காசு மூன்றும் இருப்பவர்கள் தாராளமாக வாங்கட்டும். மற்றவர்களுக்கு 5.1 போதும். பின்னால் ஸ்பீக்கர் வைக்க இடமே இல்லாத ஹாலில் 3.1 கூடப் போதும் என்பேன். அடிக்க வருகிறவர்கள் வரிசையில் வரவும் :-)

"ஏன், சவுண்ட்பார் வாங்கினால் போச்சு"ன்னு கேட்பவர்களுக்கு: நடுவுக்குத் தனி ஸ்பீக்கர் இருக்கிற, அதை மட்டும் ஏற்ற வழி இருக்கிற சவுண்ட்பாராக இருந்தால் நல்லதுதான். வேலை சுலபம், வயர் கிடையாது. ஆனால் 2007 டப்பாவை மறக்க முடியவில்லை. ஒன்று போனால் எல்லாம் போகிற பொருளை இன்னொரு முறை வாங்க மனசு வரவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் மச்சான், "அங்க ஏன் வாங்குறீங்க மாமா, டிசம்பர்ல வரும்போது நான் தூக்கிட்டு வர்றேன்" என்றான். அங்கே விலை குறைவு. ஆனால் அங்கே விற்பது 120 வோல்ட்டுக்கு ஆனது. இங்கே 230. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று பக்கத்தில் உறுமிக்கொண்டு கிடக்கும். யாராவது மறந்துபோய் நேராகச் சுவரில் செருகினால் அன்றோடு சரி. இந்தியாவில் வாரண்டியும் செல்லாது. ஏழெட்டுக் கிலோ வேறு. அந்த இடத்தில் ரெண்டு பெட்டி சாக்லேட் கொண்டுவா என்று சொல்லிவிட்டேன்.

லாமிங்டன் ரோட்டில் ஒரு கடையில் கேட்டுப் பார்த்தேன். போனதும் ஹெலிகாப்டர் விட்டார்கள். தலைக்குப் பின்னால் சுற்றியது. அப்புறம் கார் மோதியது. கடை கண்ணாடி அதிர்ந்தது. ஹெலிகாப்டரை வைத்து ஸ்பீக்கரை எடை போடவே முடியாது, ஏனென்றால் நம்மில் யாருக்கும் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் எப்படிக் கேட்கும் என்று சரியாகத் தெரியாது. மனுஷக் குரல் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் பென் டிரைவில் சாலமன் பாப்பையா பட்டிமன்றம் ஒன்று கொண்டுபோயிருந்தேன். போடச் சொன்னேன். கடைப் பையன் "சவுத் கா காமெடி ஹை க்யா?" என்று கேட்டுக்கொண்டே போட்டான். மூன்று நடு ஸ்பீக்கர்களில் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒன்றில் அவர் பானைக்குள்ளிருந்து பேசினார். இன்னொன்றில் ஜலதோஷம். மூன்றாவதில் மதுரையிலிருந்து நேராக வந்து பேசினார். அதுதான் வேண்டும் என்றேன். மூன்றில் விலை அதிகமானதும் அது இல்லை.

அங்கேயே இன்னொன்றும் கவனித்தேன். நடு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் படுக்கை வடிவத்தில், ட்வீட்டருக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு வூஃபராக இருக்கும். நேர் எதிரே உட்கார்ந்தால் பிரமாதம். பக்கவாட்டில் தள்ளி உட்கார்ந்தால் குரல் சற்று மெலியும். கடையில் எல்லோரும் நடு சோபாவில் உட்கார்ந்து கேட்டு வாங்கிவிடுகிறோம். வீட்டில் பெரியவர்கள் எங்கே உட்காருகிறார்கள்? ஓரத்தில். ஓரமாக நின்றும் கேட்டுப் பாருங்கள்.

வாங்குமுன் ரிசீவரில் நான் பார்த்த மற்ற விஷயங்கள் கொஞ்சம்தான். ஏஆர்சி இருக்க வேண்டும். டிவியில் இருக்கிற ஆப்களின் சத்தம் அதே எச்டிஎம்ஐ வயரில் ரிசீவருக்குத் திரும்பி வருவதற்கான வழி அது. 2009இலிருந்தே இருக்கிறது. ஓடிடி படங்களின் 5.1 டால்பிக்கு அது தாராளம், ஈஏஆர்சி என்ற பெரியண்ணன் புளூ-ரே வைத்திருப்பவர்களுக்குத்தான் அவசியம். சிஇசி என்று இன்னொன்று. அது இருந்தால் டிவி ரிமோட்டிலேயே ரிசீவர் சத்தம் கூடும் குறையும், டிவியை அணைத்தால் ரிசீவரும் அணையும். இது சின்ன விஷயம் இல்லை மக்களே. பகலில் நாங்கள் ரெண்டு பேரும் ஆபீஸில் இருக்கும்போது அப்பா தனியாக ஓட்ட வேண்டும். ரெண்டு ரிமோட் கொடுத்தால் ரெண்டையுமே தொடமாட்டார். 4கே, 8கே என்று போட்டிருப்பதெல்லாம் விளையாட்டு கன்சோல், பிளேயர் இவற்றை ரிசீவர் வழியாகப் போட்டால்தான். டிவி ஆப்பிலேயே பார்ப்பவருக்கு அதில் காசு கொட்ட வேண்டாம். வயருக்குக் கடையில் தங்க முலாம் காட்டுவார்கள். வீட்டு வயரிங்குக்குப் போடுகிற 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் போதும், நான் அதைத்தான் போட்டேன். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் மலிவாக வரும், அது வேண்டாம்.

மைக் வைத்து அறையை அளக்கும் வசதி கட்டாயம் வேண்டும். யமஹாவில் வைபிஏஓ, டெனானில் ஆடிஸி, சோனியில் டிசிஏசி என்று ஒவ்வொருவர் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கூட வருகிற குட்டி மைக்கை உட்காரும் இடத்தில் வைத்தால் ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கராக உய்ங் என்று ஓட்டி, எது எவ்வளவு தூரம், எது எவ்வளவு சத்தம் என்று தானே சரிசெய்துகொள்ளும். அந்த நேரத்தில் வீடு அமைதியாக இருக்க வேண்டும். டோம்பிவ்லியில் அமைதியா? முதல் தடவை குக்கர் விசில். ரெண்டாவது தடவை மேல்வீட்டு மிக்ஸி. மூன்றாவது தடவை நான் ஃபேனை அணைக்க மறந்துவிட்டேன். கடைசியில் ராத்திரி பதினொன்றரைக்கு மேல், ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் அணைத்து, எல்லோரையும் உள்ளே அனுப்பிவிட்டு ஓட்டினேன். (ராத்திரி 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல்தான் என்று 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதி சொல்கிறது. செகரட்டரி படிக்க மாட்டார் என்ற தைரியம்.)

நான் மைக்கை வைத்தது நடு சோபாவில் இல்லை. பால்கனிக் கதவை ஒட்டி அப்பா உட்காரும் பிரம்பு நாற்காலியில், அவர் காது உயரத்துக்கு நாலு டெலிபோன் டைரக்டரி அடுக்கி. இருக்கிறதே, இன்னும் தூக்கிப் போடவில்லை. நடு ஸ்பீக்கரின் முன்பக்கத்தை ரெண்டு ரப்பர் கட்டை வைத்து அவர் முகத்தைப் பார்த்து நிமிர்த்தினேன், அந்தப் பக்கமாக லேசாகத் திருப்பியும் வைத்தேன். சின்ன ஸ்பீக்கர்களை ரிசீவர் 'லார்ஜ்' என்று தப்பாகக் கணக்கு வைத்திருந்தது, அதை 'ஸ்மால்' ஆக்கி 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை சப்வூஃபருக்கு அனுப்பினேன். சப்வூஃபரைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். அடிச் சத்தம் சுவரையும் தளத்தையும் தாண்டுவதில் மன்னன், காக்குவின் வீட்டில்தான் போய் இறங்கும். கடைசியாக நடுச் சேனல், 4 டெசிபல் ஏற்றம்.

இதெல்லாம் காது டாக்டருக்கு மாற்று இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ரிசீவர் வீட்டுச் சோபாவில் மட்டும்தான் உதவும், ரேஷன் கடையிலும் போனிலும் உதவாது. காது பரிசோதனைக்கு ரெண்டு வருஷமாகக் கூப்பிடுகிறேன். "அதெல்லாம் வேண்டாம்ல, எனக்கு நல்லாக் கேக்கு, அவனுவதான் வாய்க்குள்ள பேசுதானுவ" என்பார். அதிலும் பாதி உண்மை உண்டு என்பதுதான் கஷ்டம்.

மறுநாள் ஞாயிறு. திருவிளையாடலே போட்டேன். 1965 படம், மோனோ. இடதும் வலதும் ஒரே சத்தமாக இருந்தால் ப்ரோ லாஜிக் மாதிரி முறைகள் அதை அப்படியே நடு ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். ஐந்து ஸ்பீக்கரில் நாலு சும்மா இருந்தது. கொடுத்த காசு முழுக்க ஒரே டப்பாவிலிருந்து பேசியது. தங்கமணி என்னை ஒரு பார்வை பார்த்தாள், "இதுக்கா இவ்வளவு?" என்கிற பார்வை.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. இருபது நிமிஷம், அரை மணி. பெண் நடுவில், "தாத்தா, இப்ப அவர் என்ன சொன்னார்? எனக்கு அந்தத் தமிழ் புரியல" என்றாள். டோம்பிவ்லியில் பிறந்தவளுக்கு அந்தச் செந்தமிழ் எங்கே புரியும். அப்பா திரும்பி அவளுக்கு ஒவ்வொரு வரியாகச் சொல்ல ஆரம்பித்தார். நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டு, மறுபடி சொல்லி. ரெண்டரை மணி நேரப் படம் அன்றைக்கு நாலு மணி நேரம் ஓடியது.

நடுவில் ஒருமுறை மட்டும் என்னைப் பார்த்தார்.

"சத்தத்தக் கொஞ்சம் கொறைச்சு வையேம்ல. கீழ்வீட்டுக்காரவோ தூங்குவாவோ."

அடுத்த வாரம் கல்யாணில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏற்றிவிட வேண்டும். ஊர் வீட்டு டிவிக்கும் இது மாதிரி சேருமா என்று நேற்று கேட்டார். பழைய ரெண்டு ஸ்பீக்கர் பரணில் இருக்கிறதாம். நாலா, எட்டா, எத்தனை ஓம் என்று பின்னால் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.